வாசகர் கேள்வி - பதில்: மூன்று மெலட்ரோன், ஒரே அல்பம்

கேள்வி: டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் றொக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த பிக் விதர்ஸ், அதற்கு முதல் 'ஸ்பிரிங்' என்றொரு குழுவில் இருந்தவராம். தேடிப்பிடித்துக் கேட்கும் அளவுக்கு அதில் ஏதும் உண்டா அண்ணா?
- வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தாராளமாக உண்டு தம்பி. ஸ்பிரிங் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக் குழு. 1971இல் குழுவின் பெயரிலேயே ஓர் அல்பம் வந்தது, அவ்வளவுதான். வேல்ஸில் பண்ணைக்குள் இருக்கும் றொக்ஃபீல்ட் ஸ்ரூடியோவில் பதிவு செய்தார்கள், தயாரித்தவர் பாடகர் எல்டன் ஜோனின் பெரிய அல்பங்களைத் தயாரித்த அதே கஸ் டட்ஜன். ஆனால் அதை வெளியிட்ட, ஆர்சிஏ கம்பெனியின் நியோன் லேபல் கனகாலம் தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டாவது அல்பத்துக்குப் பாட்டுகளைப் பதியத் தொடங்கியவர்கள், அது வெளிவர முன்னமே கலைந்துபோனார்கள்.

இந்தக் குழு என்றதும் எல்லாரும் சொல்வது, ஐந்து பேரில் மூன்று பேர் மெலட்ரோன் என்ற, ஒலிநாடாவில் இயங்கும் கீபோர்ட் வாத்தியத்தை வாசித்தார்கள் என்பதைத்தான். பாடகர் பற் மொரான், கிற்றார் வாசித்த ரே மார்டினஸ், ஓகன் வாசித்த கிப்ஸ் பிரவுன். சரிதான், ஆனால் அதை மட்டுமே எதிர்பார்த்துக் கேட்டால் அல்பத்தின் பாதியைத் தவறவிட்டுவிடுவீர்கள். 'ஷிப்ரெக்ட் சோல்ஜர்' பாட்டை ஒருதரம் ட்ரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள், 1978இல் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'சுல்தான்ஸ் ஒஃப் ஸ்விங்' பாட்டில் வாசித்த விதர்ஸின் கை அதுதான். அப்புறம் 'போட்ஸ்', இரண்டு நிமிடம்கூட வராத அமைதியான சின்னப் பாட்டு. இவ்வளவு பெரிய சத்தங்களுக்கு நடுவே அதை வைக்கத் துணிந்தார்களே, அதற்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும். கிடைத்தால் மூன்றாக விரியும் பழைய இசைத்தட்டு உறையையும் பாருங்கள், ஓடைக்கரையில் சிவப்புச் சட்டைச் சிப்பாய் ஒருவன் செத்துக் கிடப்பான். மொரான் பிறகு றொக்ஃபீல்டிலேயே ஒலிப்பதிவாளராகி, லெட் செப்பலின் குழுவின் பாடகர் ரொபர்ட் பிளான்ட் தனியாகச் செய்த முதல் அல்பத்திலும் வேலை செய்தார்.

கேள்வி: கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிறேன். அதில் மெலட்ரோன் என்றொரு சத்தம் இருக்கிறது, வயலின் மாதிரியும் பழைய ரேடியோ மாதிரியும் கேட்கிறது. அசல் வாத்தியமும் இப்படித்தானா?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: சத்தம் கிட்டத்தட்ட அதுதான் தங்கச்சி, வாசிக்கும் விதம்தான் வேறு. பர்மிங்ஹாமில் செய்த அந்த வாத்தியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி ஒலிநாடா. உண்மையான வயலின்காரர்கள் அந்தந்தச் சுரத்தை வாசித்ததை அதில் பதிந்திருப்பார்கள். கட்டையை அமத்தினால் நாடா ஓடும், ஏறக்குறைய எட்டு விநாடியில் முடிந்துவிடும், விரலை எடுத்தால் திரும்பப் பழைய இடத்துக்குப் போய் நிற்கும். இப்போதைய கீபோர்டில் அமத்திய சுரம் கை வைத்திருக்கும் வரைக்கும் கேட்கலாம், அதனாலேயே பலர் வாசிக்கும்போது உயிரில்லாமல் இழுபடுகிறது. நீங்கள் எட்டு விநாடிக்கு முன்பே விரலை எடுத்துப் பழகுங்கள். மூன்று சுரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது மூன்று விரலையும் ஒன்றாக எடுக்க வேண்டாம், ஒரு விரல் எழும்பும்போது மற்ற இரண்டும் கட்டையில் இருக்கட்டும்.