லேஸ் பின்னலும் வீட்டுச் சாயமும்: கேள்வி-பதில்

வெள்ளை உல்லன் நூலை ஃபுட் கலரும் வினிகரும் சேர்த்துக் காய்ச்சினேன். அலசியதும் சாயம் முழுக்கப் போய்விட்டதே?

நீங்கள் வாங்கியது அக்ரிலிக்காக இருக்கும். 'உல்லன்' என்று கேட்டால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். நூலில் சிறு துண்டை வெட்டி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் பொடிப்பொடியாக நசுங்கினால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். ஃபுட் கலர் அதில் ஒட்டவே ஒட்டாது.

என்னுடையது அசல் கம்பளிதான். ஆனால் சாயத்திலிருந்து எடுத்தபோது சிட்டம் (நூல் கற்றை) ஒட்டிக் கெட்டியாகிவிட்டது. மீட்க முடியுமா?

முடியாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரத்தோடு சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அடுத்த முறை சிட்டத்தை நாலு இடத்தில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அதே சூட்டில் இருக்கும் சாயத் தண்ணீரில் இறக்கி, சிறு தீயில் மெல்லச் சூடேற்றுங்கள். ஓரத்தில் குமிழ் வந்தால் போதும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. கிளறாதீர்கள், கரண்டியால் அமுக்கிவிட்டால் போதும். சாயம் நூலில் ஏறித் தண்ணீர் தெளிந்ததும் அடுப்பை அணைத்து அப்படியே ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்துக் குழாயடியில் காட்டினால் பட்ட பாடெல்லாம் வீண்.

மஞ்சள், பீட்ரூட்டில் சாயம் போடலாமா?

மஞ்சள் சட்டென்று பிடிக்கும், வெயில் பட்டால் வெளுத்தும் போகும். பீட்ரூட்டைப் பொரியலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது வெங்காயத் தோல். 100 கிராம் கம்பளிக்கு 10 கிராம் படிகாரத்தைக் கரைத்து, அதில் நூலை ஒரு மணி நேரம் சிறு தீயில் வைத்து, பிறகு தோல் வேகவைத்து வடித்த தண்ணீரில் போட்டால் பொன்னிறமோ செம்பழுப்போ வரும். நிறம் கறுக்க அன்னபேதி (இரும்பு உப்பு) சேர்ப்பார்கள். அது கூடினால் கம்பளி நொறுங்கும், ஓட்டை ஓட்டையாக டிசைன் வரும் லேஸ் பின்னலுக்கான மெல்லிய நூலில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். சாயப் பாத்திரத்தில் மறுபடி சமைக்காதீர்கள்.

சால்வையை முடித்துவிட்டேன், பிழிந்த துணி மாதிரி இருக்கிறது. ஓட்டைகளே தெரியவில்லை!

பின்னல் ஊசியிலிருந்து இறங்கும் லேஸ் எல்லாமே அப்படித்தான் இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுங்கள். மெத்தைமேல் கட்டம் போட்ட பெட்ஷீட்டை விரித்து, கோடு பார்த்து இழுத்து, ஓரத்தின் ஒவ்வொரு முனைக்கும் துருப்பிடிக்காத குண்டூசி குத்துங்கள். நன்றாகக் காய்ந்தபின்தான் குண்டூசிகளை எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் இதற்கென்றே மரச்சட்டம் வைத்திருந்தார்கள். அங்கே உன்ஸ்ட் தீவில் பின்னிய சால்வைகள் கல்யாண மோதிரத்துக்குள் நுழையும் அளவுக்கு மெல்லியவை. இழுத்தும் ஓரம் விரியவில்லையென்றால், கடைசி வரிசையை இறுக்கி முடித்திருப்பீர்கள். அதை மட்டும் பிரித்து, இரண்டு அளவு பெரிய பின்னல் ஊசியில் மறுபடி முடியுங்கள்.

பின்னும்போது ஒரு கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) நழுவினால் பத்து வரிசை பாழாகிறது.

டிசைன் ஒரு சுற்று முடியும்போதெல்லாம் ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் தையல் நூல் ஒன்றைக் கோத்துவிடுங்கள். பிரித்தால் அதோடு நிற்கும்.

பின்னுவதற்கு முன்பே சாயம் போடவேண்டுமா?

ஆமாம், அதுவும் தேவையான நூல் மொத்தத்துக்கும் ஒரே தடவையில். இரண்டாவது ஈட்டில் அதே நிறம் வராது. நாலைந்து நிறம் கலந்து போடவும் வேண்டாம், டிசைன் அதில் மறைந்துபோகும்.