பயர்பாக்ஸ் 'செத்துவிட்டது' என்கிறார் கணினி மையக்காரர்: மாற்ற வேண்டுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன், பொள்ளாச்சிப் பக்கமும் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே பட்டா எடுப்பது, இங்கே நிலவரி கட்டுவது, வங்கி வேலை எல்லாம் பல ஆண்டுகளாகப் பயர்பாக்ஸில்தான். "அது செத்துப்போன பிரவுசர், பாதுகாப்பே கிடையாது, குரோமுக்கு மாற்றிப் பாதுகாப்பு மென்பொருளும் போட்டுத் தருகிறேன், 1,500 ரூபாய்" என்கிறார் கணினி மையக்காரர். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டியதில்லை. கணினியை அவரிடம் கொடுக்கவும் வேண்டாம்.

2004 நவம்பரில் வெளிவந்த பயர்பாக்ஸை, 2009 வாக்கில் உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பயன்படுத்தினார்கள். இன்று நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறுவது கடினம். தேடுபொறியையும் ஆண்ட்ராய்டையும் கையில் வைத்திருக்கும் கூகுள் 2008இல் குரோமைக் கொண்டுவந்து, போன் வாங்கும்போதே அது உள்ளே இருக்கும்படி செய்துவிட்டதே இதற்குப் பெரிய காரணம். ஆனால் ஆள் குறைந்ததால் பாதுகாப்பு குறைந்துவிடவில்லை. ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு இன்றும் வருகிறது; உதவிப் பகுதியில் 'பயர்பாக்ஸ் பற்றி' என்பதைத் திறந்தால், பழையதாக இருக்கும் பதிப்பு தானே புதுப்பித்துக்கொள்ளும்.

அந்தரங்கம் என்று பார்த்தால் நீங்கள் இருக்கும் இடமே மேல். சொட்டுநீர்க் குழாய் விலையை ஓரிடத்தில் பார்த்தால், அடுத்து திறக்கும் செய்திப் பக்கத்திலும் அதே குழாய் விளம்பரமாக வந்து நிற்கிறதல்லவா, அந்த வேலையைப் பெரும்பாலும் செய்யும் குக்கீகளை (தளங்கள் உங்கள் கணினியில் போட்டுவைக்கும் சிறு அடையாளக் குறிப்புகள்), 2022 முதல் பயர்பாக்ஸ் தளத்துக்குத் தளம் தனித்தனியே அடைத்து வைக்கிறது. யூபிளாக் ஆரிஜின் என்னும் நல்ல விளம்பரத் தடுப்பானைக் குரோம் கைவிட்டுவிட்டது. இங்கே அது முழுமையாக ஓடுகிறது. பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தரும் பணம் என்பதும், 'உங்கள் தரவை விற்கமாட்டோம்' என்ற வாக்குறுதியை 2025 பிப்ரவரியில் அவர்கள் நீக்கியதும் எனக்கும் வருத்தம்தான். ஆகவே அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, தரவு சேகரிப்புக்கான டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த 1,500 ரூபாய்க்கு வருகிறேன். இப்படி 'மாற்றி வாங்கிய' மடிக்கணினி ஒன்றை அண்மையில் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். குரோமின் வலது மேல் மூலையில் இருந்த வட்டத்தைச் சொடுக்கினால், தெரிந்தது அவருடைய மின்னஞ்சல் முகவரி அல்ல, மாற்றிக் கொடுத்தவருடையது! அந்தக் கணக்கில் ஒத்திசைவு, அதாவது உலாவியில் சேமிப்பதையெல்லாம் கூகுள் கணக்குக்கு நகலெடுக்கும் வசதி, ஓடிக்கொண்டிருந்ததால், மடிக்கணினிக்காரரின் வங்கிக் கடவுச்சொல்லும் மகளுடைய கல்லூரிக் கடவுச்சொல்லும் யாரோ ஒருவருடைய கணக்கில் போய் உட்கார்ந்திருந்தன. வைரஸ் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சில அரசுத் தளங்களும் வங்கித் தளங்களும், குறிப்பாகக் கைரேகைக் கருவியோ டிஜிட்டல் கையொப்பமோ கேட்பவை, பயர்பாக்ஸில் நின்றுவிடும். அப்போது முதலில் முகவரிப் பட்டையின் இடப்பக்கம் உள்ள கேடயத்தைச் சொடுக்கி, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்திப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், விண்டோஸுடன் வந்த எட்ஜ் உலாவியை அந்தத் தளத்துக்கு மட்டும் திறந்து, கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் மறுத்து, வேலை முடிந்ததும் வெளியேறி மூடிவிடுங்கள். மற்ற தேடல்களை அதில் செய்யாதீர்கள். எல்லா உலாவிகளுக்கும் பொதுவான இணையத் தரங்கள் இருக்கும்போது, மக்கள் வரிப்பணத்தில் கட்டிய தளம் ஒரு நிறுவனத்தின் உலாவியில்தான் திறப்பேன் என்று அடம்பிடிப்பதை எந்த அதிகாரியும் கேட்பதில்லை. நிலவரி கட்ட வருபவனைக் கணினி மையத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது இந்த அலட்சியம்தான்.

கணினியை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், உங்கள் சொந்தப் போனில் வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் இன்றே மாற்றிவிட்டு, அதன் பிறகு போய்க் கணினியைத் திரும்ப வாங்குங்கள்.