மூதேவி சாமியா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர்ச் சிவன் கோவில் வெளிப்பிராகாரத்தில், மரத்தடியில் ஒரு பெண் சிலை சாய்ந்து கிடக்கிறது. பெருத்த வயிறு, தொங்கவிட்ட கால்கள், பக்கத்தில் காக்கைக்கொடி. நின்று பார்த்தேன். 'அது மூதேவி, பார்க்கக்கூடாது, வாங்க' என்று அம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டார். சோம்பேறியைத் திட்டும் சொல் எப்படி ஒரு சாமிக்குப் பெயரானது?

வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நடந்தது நேர்மாறு. சாமியின் பெயர்தான் திட்டாகிவிட்டது. மூதேவி என்றால் மூத்த தேவி, அவ்வளவுதான். பாற்கடலைக் கடைந்தபோது திருமகளுக்கு முன்னால் வந்தவள் என்பது புராணம். அதனால் அக்கா. வடமொழியில் ஜேஷ்டா, தமிழில் சேட்டை, தவ்வை. பொறாமைக்காரனைத் திருமகள் தன் 'தவ்வையைக் காட்டி விடும்' என்கிறார் வள்ளுவர். அப்போதே அவள் வறுமையின் உருவம்தான். ஆனாலும் மக்கள் அவளைக் கும்பிட்டார்கள்.

திருப்பரங்குன்றம் குடைவரைக்குப் போயிருக்கிறீர்களா? பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் மகாசாமந்தன், அதாவது அவனுக்குக் கீழிருந்த பெரிய சிற்றரசன், சாத்தன் கணபதி அங்கே திருப்பணி செய்தார். அவர் மனைவி நக்கங்கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோவில் எடுத்தார். ஆண்டு கி.பி. 773. வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி தன் பெயரைப் பொறித்துக்கொண்டு மூதேவிக்குக் கோவில் கட்டியிருக்கிறாள்! அந்தக் கல்வெட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும். காஞ்சி கைலாசநாதர் கோவிலிலும் அவள் சிற்பம் உண்டு.

எதிர்ப்பும் இருந்தது. கருடவாகனனான திருமால் நிற்கும்போது 'சேட்டைதன் மடியகத்துச் செல்வம் பார்த்து இருக்கின்றீரே' என்று தொண்டரடிப்பொடியாழ்வார் வருந்துகிறார். அவளிடம் போய்ச் செல்வம் கேட்டவர்கள் இருந்ததால்தானே அந்த வருத்தம்?

காக்கைக்கொடி, கழுதை, துடைப்பம் எல்லாம் அவளுக்கு உரியவை. ஒரு பக்கம் காளைமுக மகன், மறுபக்கம் மகள். எனக்கு அந்தச் சரிந்த வயிறு அவலட்சணமாகத் தெரியவில்லை. பிள்ளை பெற்று, வேலை செய்து, ஓய்ந்து உட்கார்ந்த ஒரு மூத்த பெண்ணாகத்தான் தெரிகிறாள். பசியும் தரித்திரமும் வீட்டுக்குள் வராமலிருக்க அவற்றுக்கு உரியவளிடமே போய்க் கேட்டிருக்கிறார்கள். அம்மைக்கு அம்மனிடம் போவதில்லையா, அதுபோல.

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், அவர் கேட்டு வளர்ந்தது அப்படி. அடுத்த முறை போகும்போது சிலையின் இரு பக்கமும் மண்ணைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். காளைமுகப் பையன் இருந்தால் அவள்தான். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.