வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: பயணமா, தொண்டா?

கேள்வி: சென்ற ஆண்டு காலமான என் பெரியம்மா பல நாடுகளுக்குச் சென்று வந்தவர், சென்ற இடங்களில் எல்லாம் ஏதேனும் ஒரு தொண்டுப் பணியில் தம்மை இணைத்துக்கொண்டவர். முதலாண்டு நினைவு நாளுக்காகச் சிறு மலர் ஒன்று தயாரிக்கிறோம். பயணங்களுக்கு ஒரு பகுதி, தொண்டுக்கு ஒரு பகுதி என்று பிரித்து எழுதுவது சரியாக இருக்குமா?

பதில்: பிரிக்காதீர்கள். பிரித்தால் என்ன கெடும் என்பதற்கு, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டனின் (1821–1912) வாழ்க்கையைச் சொல்லலாம். உடல்நலம் குன்றியிருந்த அவர், ஓய்வெடுக்கும்படி மருத்துவர்கள் வற்புறுத்தியதால்தான் 1869இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். ஜெனீவாவில் அவரைச் சந்தித்த லூயி அப்பியா என்ற மருத்துவர், போரில் காயமடைந்தவர்களைக் காப்பதற்காக 1864இல் ஏற்பட்ட ஜெனீவா உடன்படிக்கையில் அமெரிக்கா இன்னும் சேராதது ஏன் என்று கேட்டார். அடுத்த ஆண்டே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஓய்வுக்காக வந்தவர் நிவாரணப் பணியில் இறங்கிவிட்டார். 1873இல் நாடு திரும்பியவர் அந்தக் கேள்வியை விடவில்லை. 1881 மே 21 அன்று சங்கம் உருவானது; 1882இல் அமெரிக்கா உடன்படிக்கையில் சேர்ந்தது. ஐரோப்பா ஒரு பக்கத்திலும் செஞ்சிலுவை வேறொரு பக்கத்திலும் அச்சாகியிருந்தால், ஒரு சுற்றுலாப் பயணியும் ஒரு சமூக சேவகியும் நமக்குக் கிடைத்திருப்பார்கள். கிளாரா பார்ட்டன் கிடைத்திருக்க மாட்டார். உங்கள் பெரியம்மா எந்த ஊரில் எதைக் கண்டு, திரும்பி வந்து எதைத் தொடங்கினார் என்பதைத் தேடிப் பாருங்கள்.

‘தன்னலமற்றவர்’, ‘கருணையே உருவானவர்’ போன்ற அடைமொழிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவற்றை யாருக்கு வேண்டுமானாலும் சூட்டலாம்; செய்த வேலையைச் சொன்னால்தான் ஆள் தெரிவார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் பார்ட்டன் மேற்கொண்ட வேலை, காணாமற்போன வீரர்களைப் பற்றிக் குடும்பத்தினர் எழுதிய கடிதங்களுக்கு விசாரித்துப் பதில் அனுப்புவது. அவரும் அவருடைய உதவியாளர்களும் 63,000க்கும் மேற்பட்ட கடிதங்களுக்கு விடை எழுதி, 22,000க்கும் மேற்பட்டவர்களின் கதி என்னவென்று கண்டறிந்தார்கள். (இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுக்கே நாள் தவறாமல் பதில் எழுதத் திணறுகிற எனக்கு, அந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும்.) அந்தப் போரில் தென் மாநிலங்களின் படை நடத்திய ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் ஏறத்தாழ 13,000 கைதிகள் மாண்டிருந்தனர். அங்கே கைதியாக இருந்த டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளைஞர், இறந்தவர்களின் பட்டியலைக் காவலர்களுக்குத் தெரியாமல் படியெடுத்து வைத்திருந்தார். 1865இல் பார்ட்டனும் அங்கு சென்றார்; அந்தப் பட்டியலைக் கொண்டு பெரும்பாலான கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டன.

ஆகவே, பெரியம்மாவோடு பணிபுரிந்தவர்களிடமும் அவரால் உதவி பெற்றவர்களிடமும் ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். என்ன நடந்தது, அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். உதவி பெற்றவரின் பெயரை அவர் சம்மதமின்றி வெளியிட வேண்டாம். தாம் கஷ்டப்பட்ட காலம் அச்சேறுவதை எல்லோரும் விரும்புவதில்லை.

கேள்வி: பெரியம்மா எந்தப் பொறுப்பையும் பிறரிடம் ஒப்படைக்க மாட்டார், அதனால் உடன் இருந்தவர்கள் சிலர் மனம் கசந்து விலகியதும் உண்டு. இதையும் எழுதலாமா?

பதில்: எழுதலாம், அளவோடு. பார்ட்டன் மீதும் இதே குறை சொல்லப்பட்டது. 1900இல் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரைப் புயல் அழித்தபோது, 78 வயதில் அங்கு நேரில் சென்றவர் அவர். ஆனால், அதிகாரம் முழுவதையும் தம் கையிலேயே வைத்திருக்கிறார், கணக்கு வழக்குகள் சீராக இல்லை என்று சங்கத்துக்குள்ளேயே எழுந்த கண்டனங்களால் 1904இல் தலைமைப் பதவியைத் துறந்தார். இரண்டும் ஒரே குணத்திலிருந்து பிறந்தவை என்றே நான் கருதுகிறேன்: தாமே போய் நின்றால்தான் வேலை நடக்கும் என்று நம்புகிறவர், பிறர் கையில் எதையும் எளிதில் விட்டுவிட மாட்டார். விலகியவர்களில் ஒருவர் இன்று மனம்விட்டுப் பேசக்கூடியவராக இருந்தால், அவரிடமும் ஒரு பக்கம் கேளுங்கள். மலரில் நேர்மையான பக்கம் அதுவாகவே அமையக்கூடும்.

கேள்வி: அவருடைய நாட்குறிப்புகள், பயணச்சீட்டுகள், ரசீதுகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

பதில்: மலர் வெளிவரும்வரை எதையும் கழிக்காதீர்கள். வாஷிங்டனில் பார்ட்டன் தங்கிக் கடிதங்களுக்குப் பதில் எழுதிய அறைகள் நூறாண்டுகளுக்கும் மேலாக மறக்கப்பட்டுக் கிடந்தன. 1990களில் அந்தக் கட்டடம் இடிக்கப்படவிருந்த நிலையில், உள்ளே சோதனையிட வந்த ஒரு தச்சர் பரணில் அவருடைய பொருள்களைக் கண்டெடுத்தார். அவற்றுள் ஒரு தகரப் பலகையும் இருந்தது. காணாமற்போன வீரர்கள் அலுவலகம், மூன்றாம் மாடி, 9ஆம் அறை, மிஸ் கிளாரா பார்ட்டன் என்று அதில் எழுதியிருந்தது. இடிப்பு நின்றது, அந்த இடம் இப்போது அருங்காட்சியகம்.