எல் நினோ வந்தால் கடலூர் கடலில் என்ன மாறும்?

எல் நினோ என்பது நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக் பெருங்கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறுவது. அது அங்கே நடப்பது, கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடலுக்கு அதோடு என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றுதான் தொடர்பு. பசிபிக் சூடேறினால் இந்தியப் பெருங்கடல் மேல் வீசும் காற்றும் மாறும். பல சமயம் நிலநடுக்கோட்டில் கிழக்குக் காற்று வலுத்து, கடலுக்குள் ஒரு நீண்ட அலையைக் கிளப்பும். அது சுமத்ராவைத் தொட்டு, வங்கக் கடலின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு நம் கரைக்கு வரும். வந்தால் கடல்மட்டம் கொஞ்சம் தாழும், அடியிலுள்ள குளிர்நீர் மேலே நெருங்கும். கரையில் நிற்பவர் கண்ணுக்கு இது தெரியாது.

தெரிவது மழைதான். எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுகிறது. 2015 நவம்பர் மழை வெள்ளத்தைக் கடலூர்க்காரர்கள் மறக்கவே மாட்டோம். அப்படிக் கொட்டும்போது கெடிலமும் பெண்ணையாறும் கொண்டுவரும் நன்னீரால் கரையோரத்தில் உப்பு குறையும், தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கும். ஆனால் எல்லா எல் நினோவும் வெள்ளத்தில் முடிவதில்லை. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் எங்கே கரை தொடுகின்றன என்பதும் முக்கியம்.