மேண்டா-லேகா: காடு ஊர் கைக்கு வந்தபின் என்ன கிடைத்தது?

சமூக வன உரிமை, அதாவது ஊரைச் சார்ந்த காட்டை ஊரே காத்து நிர்வகிக்கும் உரிமை பற்றி வந்த கேள்விகளுக்கு, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேண்டா-லேகா என்ற கோண்டு பழங்குடி ஊரை வைத்தே பதில் சொல்கிறேன்.

தேனி வாசகர்: காட்டுக்குப் பட்டா கொடுத்துவிட்டார்களா?

இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, சுமார் 1,800 ஹெக்டேர் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் 2009இல் ஊருக்கு உரிமை கிடைத்தது. காட்டை விற்க முடியாது, விளைச்சலை விற்கலாம்.

கல்லூரி மாணவி: அப்படியானால் 2009இலேயே வருமானம் வந்திருக்குமே?

வரவில்லை. வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூல், அதாவது ஊரார் சேகரித்து விற்கக்கூடிய, மரமல்லாத காட்டு விளைபொருள் என்கிறது. வனத்துறையோ, 1927ஆம் ஆண்டின் பழைய வனச் சட்டத்தைக் காட்டி அதை மரம் என்றது. வெட்டிய மூங்கிலை லாரியில் ஏற்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுப் புத்தகம் வனத்துறை மேசையில் இருந்தது. உரிமை ஊரிடம், சீட்டு அதிகாரியிடம்! 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். அதன்பிறகுதான் மூங்கில் விற்பனை ஒரு கோடி ரூபாய் அளவை எட்டியது. பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தச் சீட்டுப் புத்தகத்தைத்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: பணம் யார் பைக்குப் போகிறது?

வெட்டுகிறவர்களுக்குக் கூலி, மிச்சம் கிராம சபையின் வங்கிக் கணக்குக்கு. சபை தனக்கென்று பான் எண்கூட வாங்கியிருக்கிறது. உள்ளூரிலேயே கூலி கிடைப்பதால் பிழைப்புத் தேடி வெளியூர் போக வேண்டிய கட்டாயமும் குறைகிறது.

கோவை வாசகர்: ஊராரிடம் விட்டால் காட்டை மொட்டையடித்துவிட மாட்டார்களா?

இந்தச் சந்தேகம் காட்டு மூங்கிலைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் மீது ஏனோ வருவதில்லை. அவர்களுக்குக் குத்தகைக் காலம்வரைதான் கவலை. ஊராருக்கு அடுத்த ஆண்டும் அதே புதரில் மூங்கில் வேண்டும். முற்றியதை வெட்டி இளங்குருத்தை விட்டால்தான் புதர் தழைக்கும் என்பது அங்கே சிறுவர்களுக்கும் தெரியும்.

விவசாயி ஒருவர்: ஊருக்குள் சண்டை வராதா?

வரும். ஆனால் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை பேசுகிறார்கள். சில முடிவுகளுக்கு மாதங்கள் ஆகும். அவசரக்காரர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.