தனிப் பத்தியச் சட்டி வேண்டாம்

வீட்டுச் சமையலும் உடல்நலமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாமியாருக்கு இரத்த அழுத்தம். பிள்ளைகள் இருவரும் காரமும் எண்ணெயும் இல்லாவிட்டால் தட்டைத் தொடுவதில்லை. கணவருக்குப் பத்தியமாக, அத்தைக்கு உப்பில்லாமல், பிள்ளைகளுக்கு அவர்கள் கேட்டபடி என்று தினமும் மூன்று சட்டி வைக்கிறேன். மின்சாரம் இல்லாத நேரத்தில் கரி அடுப்புதான். மிகவும் களைத்துவிட்டேன். எல்லாருக்கும் பொருந்துகிறபடி சமைக்க வழி உண்டா?
— வாசகி, யாங்கூன்

பதில்: வழி உண்டு, சகோதரி. மூன்று சட்டிகளில் நீங்கள் முதலில் இறக்கி வைக்க வேண்டியது உங்கள் கணவரின் பத்தியச் சட்டியைத்தான். சர்க்கரை நோயாளிக்கென்று தனியாக ஓர் உணவு கிடையாது. அவருக்கு எது நல்லதோ, அதுவே பத்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது மூதாட்டிக்கும் நல்லது. அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மற்றவர்கள் கோழிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடும்போது ஒருவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து உப்புச் சப்பில்லாத கஞ்சியைக் குடிக்கிற வீட்டில், அந்தக் கஞ்சி இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்து நான் பார்த்ததில்லை. ஏக்கம் பொறுக்காமல் அவர் மாலையில் டீக்கடைக்குப் போய், டின்பால் ஊற்றிய தேநீரோடு ஈச்சாக்குவே என்னும் எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டத்தைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு வருவார். டின்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் ஒரே கோப்பையில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடும். பகலெல்லாம் அவர் காத்த பத்தியம் அந்த ஒரு கோப்பையில் வீணாகிவிடுகிறது.

ஆகவே சட்டியை ஒன்றாக்கி, தட்டை மாற்றுங்கள். தட்டில் பாதி இடம் காய்க்கும் கீரைக்கும், கால் பங்கு சோற்றுக்கு, கால் பங்கு பருப்பு, மீன், முட்டை, கோழி ஆகியவற்றில் ஒன்றுக்கு. நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது: குவித்த சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். காயை முதலில் பரிமாறி, சோற்றைப் பிறகு வைத்தாலே பாதி மாற்றம் வந்துவிடும். என் வீட்டில் சோற்றுப் பானையைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு, கீரைச் சட்டியையும் பருப்பையும் மட்டும் நடுவில் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினேன். இரண்டாம் முறை சோறு வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் கீரை இருந்தது. ஒரு மாதத்தில் அரிசி வாங்கும் அளவே குறைந்தது.

மியான்மரில் வாழும் நமக்குப் பிறருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: நம் கையில் இரண்டு சமையல்கள் இருக்கின்றன. அதிகாலையில் தட்டைத் தலையில் சுமந்துகொண்டு “பே பியோ” என்று நீட்டிக் கூவி வரும் அம்மாளிடம் வாங்கும் முளைகட்டிய பட்டாணியை எண்ணிப் பாருங்கள். ஆவி பறக்க வேகவைத்த அந்தப் பட்டாணியில் வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கிப் போட்டு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கிளறினால், சோறு சிறிதளவே இருந்தாலும் வயிறு நிறையும். நார்ச்சத்தும் புரதமும் இருப்பதால் சர்க்கரையும் மெதுவாகவே ஏறும். சின்பவுங் என்று பர்மியர் சொல்கிற புளிச்சக்கீரையைச் சாறாக வைத்தால் அது அவர்களுடையது, கடைந்தால் நம்முடையது, இரண்டுமே நல்லவை. வள்ளைக்கீரையும் முருங்கையும் சந்தையில் மலிவாகவே கிடைக்கின்றன. உளுந்தையும் துவரையையும் இந்தியாவுக்கே அனுப்புகிற மண்ணில் இருந்துகொண்டு, நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம்.

இனி உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு. அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி கூட இல்லை. அதில் குழம்பின் உப்பு மட்டுமல்ல, ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஙப்பி என்னும் புளித்த மீன் விழுது எல்லாம் அடங்கும். மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே 3 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. கோழிச் சுவைத்தூளிலும் உப்பு உண்டு. பொதுச் சட்டியில் உப்பை அத்தைக்கு ஏற்ற அளவில் போட்டு, புளியும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் சற்றுத் தூக்கலாக வையுங்கள். நாக்கு இரண்டு மூன்று வாரங்களில் பழகிவிடும். பிள்ளைகளுக்குக் காரம் போதவில்லையென்றால், வறுத்து இடித்த மிளகாயைக் கிண்ணத்தில் தனியாக வையுங்கள். ஙப்பியைக் கேட்பவர் தொட்டுக்கொள்ளட்டும். சட்டி ஒன்றாகவே இருக்கும். ருசியை அவரவர் தட்டில் கூட்டிக்கொள்வார்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம்: உங்கள் கணவர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருக்கும்போது சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

உங்கள் கடிதத்தில் “களைத்துவிட்டேன்” என்ற சொல்லை நான் இருமுறை படித்தேன். கரி அடுப்பின் முன் பாதி நாள் நிற்பவருடைய உடல்நலமும் குடும்பத்தின் உடல்நலம்தான். கணவர் கீரையை ஆய்ந்து தரட்டும். பிள்ளைகள் வெங்காயம் உரிக்கட்டும். தான் ஆய்ந்த கீரையைத் தின்ன மாட்டேன் என்று சொல்லும் பிள்ளை குறைவு.

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. சுற்றியுள்ள பெரியவர்கள், பிள்ளை பெற்றவள் கீரையும் பருப்பும் சாப்பிட்டால் குழந்தைக்கு வயிறு ஊதும் என்று சொல்லி, வெள்ளைச் சோறும் சுட்ட கருவாடும் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். இது சரிதானா?
— வாசகி, தாட்டோன்

பதில்: இந்தக் கேள்விக்கு நான் தயக்கமில்லாமல் பதில் சொல்ல வேண்டும், அம்மா: சரியல்ல, அது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியில், தவிட்டோடு சேர்ந்து தயமின் என்னும் பி1 வைட்டமினும் போய்விடுகிறது. மிச்சமிருப்பதும் அரிசியைப் பலமுறை கழுவும்போதும் கஞ்சியை வடித்துக் கொட்டும்போதும் கரைந்து போகிறது. அந்தச் சோற்றையே வாரக்கணக்கில் உண்ணும் தாயின் பாலிலும் தயமின் குறையும். அதனால் வரும் நோய் பெரிபெரி. 1890களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு கொடுத்தால் தேறுவதையும் கண்டார். பின்னர் 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு பழைய உண்மை தெரிந்திருந்தும், பிரசவப் பத்தியத்தின் பெயரால் மியான்மரில் கைக்குழந்தைகள் இன்றும் இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்பதை என்னால் ஆறுதலாகச் சொல்ல முடியவில்லை.

பெரும்பாலும் இரண்டாம் மாதம் முதல் ஆறாம் மாதத்துக்குள் இது தாக்கும். நன்றாக இருந்த குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும். அழுகிறாற்போல வாய் திறக்கும், ஆனால் குரல் கம்மியிருக்கும் அல்லது சத்தமே வராது. அப்படியானால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே குழந்தை தெளிவதுண்டு. தாமதித்தால் உயிர் தங்காது.

உங்கள் மகளுக்குப் பருப்பு, முட்டை, மீன், கீரை, நிலக்கடலை, எள் எல்லாவற்றையும் கொடுங்கள். பெரியவர்களின் மனமும் நோக வேண்டாமென்றால், அவர்களே நம்புகிற பிரசவ மருந்துப் பொருள்களான பூண்டையும் மிளகையும் சீரகத்தையும் தாராளமாகச் சேர்த்துப் பருப்பைக் குழைய வேகவைத்துத் தாருங்கள். மறுப்புச் சொல்ல மாட்டார்கள். முடிந்தால் புழுங்கலரிசி வாங்குங்கள். நெல்லாக இருக்கும்போதே அவித்துவிடுவதால், தயமின் அரிசிக்குள்ளேயே இறங்கித் தங்குகிறது. சோற்றை வடிக்காமல் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். தேநீரும் ஊறிய தேயிலையான லப்பெயும் வெற்றிலைப் பாக்கும் தயமினைக் கெடுப்பவை; பால் கொடுக்கும் மாதங்களில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஙப்பியைப் பச்சையாக உண்ணாமல் நன்றாகக் காய்ச்சியே சேர்க்க வேண்டும். தயமினை அழிக்கும் பொருள் சூட்டில் செயலிழந்துவிடும். தயமின் மாத்திரை தேவையா என்று மருத்துவச்சியிடம் இந்த வாரமே கேளுங்கள்.

கேள்வி: எண்ணெய் மேலே மிதக்காவிட்டால் கறி வேகவில்லை என்று என் கணவர் சொல்கிறார். பர்மியச் சமையலில் அதுதான் முறையாம். எண்ணெயைக் குறைத்தால் கறி கெட்டுவிடுமா?
— வாசகி, பெகு

பதில்: எண்ணெய் பிரிந்து மேலே வருவதைப் பர்மியர் “ஸீ பியான்” என்பார்கள், எண்ணெய் திரும்பி வருதல் என்று பொருள். அது எண்ணெயின் அளவைக் காட்டும் குறியன்று. வெங்காயத்திலும் கறியிலும் உள்ள நீர் வற்றிவிட்டது என்பதற்கான குறி. நீர் வற்றினால் நான்கு மேசைக்கரண்டி எண்ணெயும் பிரியும். ஒரு கிண்ணம் எண்ணெயும் பிரியும். அரை வீசை, அதாவது ஏறக்குறைய 800 கிராம் கோழிக்கு நான்கு மேசைக்கரண்டி தாராளம். வெங்காய விழுது அடிபிடிக்கும் போலிருந்தால், எண்ணெய்க் குப்பியை எடுக்காமல் ஒரு கை வெந்நீர் தெளித்துக் கிளறுங்கள். பொறுமையாக வதக்கினால் நிறமும் மணமும் குறையாது. உங்கள் கணவரை ஒரு நாள் அடுப்பருகே நிறுத்தி, பிரிந்து வருவதைக் காட்டிவிடுங்கள்.

மாதக் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டிக்குச் சற்று மேல் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 30 நாளுக்கு 3 கிலோ ஆகும். ஒரு வீசை ஏறத்தாழ 1.63 கிலோ என்பதால், இரண்டு வீசை வாங்கினாலும் மாத முடிவில் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். மலிவாக இருக்கிறதென்று பாமாயிலை மட்டுமே ஊற்றுவதை நான் விரும்பவில்லை. அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி, இரத்தத்தில் கொலஸ்டிராலை ஏற்றும் வகை. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது, நல்லெண்ணெயில் அதைவிடக் குறைவு. விலை கூடுதல்தான். குறைவாக வாங்கி நல்லதாக வாங்குங்கள். பேயாஜோ என்னும் பருப்பு வடை சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மின்தடையால் குளிர்பெட்டி பயன்படவில்லை. இரவுச் சோறு மிஞ்சினால் காலையில் சூடு பண்ணிச் சாப்பிடலாமா?
— வாசகர், மோல்மீன்

பதில்: வேண்டாம். சோறு வேகும்போதும் சாகாத ஒரு வகைக் கிருமி வித்து அரிசியில் உண்டு; சூடு ஆறிய சோற்றில் அது முளைத்துப் பெருகி வெளியிடும் நஞ்சு, மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழியாது. வெப்பமான ஊரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சோற்றைத் திறந்து வைக்கக் கூடாது. ஆளுக்கு எத்தனை பிடி அரிசி என்று அளந்து வைப்பதே முதல் வழி. மிஞ்சியதைச் சூடு தணிந்தவுடன், காய்ச்சி ஆறவைத்த நீர் முங்க ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்தால் காலையில் பழைய சோறாகும். புளிப்பு இதமாக இருந்தால் சின்ன வெங்காயத்தோடு உண்ணலாம். நூலிழுத்தாலோ வேறு வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள்; கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் எப்போதுமே புதுச் சோறுதான்.